ஒன்றரைச் சுற்று

ரெடிச்,
3 மே 1987

அன்புள்ள சிரிலுக்கு,

விட்பியில் நீங்களும் உங்கள் அக்காவும் நலம்தானே? நீங்கள் இங்கிருந்து போய் ஒன்பது மாதமாகிறது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தவிர ஒரு வரி இல்லை. கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, ஆனாலும் கோபமில்லை. லென் இல்லாத ஊரில் இருக்க உங்களுக்கு மனம் வராதது எனக்குப் புரிகிறது.

அவருடைய என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளைப் போலீசார் திருப்பித் தந்துவிட்டார்கள். வேன் இடித்ததில் பின்சக்கரம்தான் வளைந்திருந்தது. மோட்டார் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் வேறு சக்கரம் மாட்டிக் கொடுத்தார்கள். ஜூலை 12 அன்று லென் நினைவாக எல்லோரும் வண்டியில் ஊர்வலம் போகிறார்கள். அவர் வண்டிதான் முன்னால் போக வேண்டுமாம். ஜேனட் ஓட்டச் சம்மதித்திருக்கிறாள். சங்கச் செயலாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் மகள் என்னோடு பேசுவதில்லை, சிரில். விபத்து நடந்த அன்று காலை என் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம், சாயங்காலம் டீ விருந்து. லென் அதை மறந்துவிட்டு உங்களோடு சங்கத்தின் கோடைக் கூடலுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று கத்தினேன்: "போங்க, அந்த வண்டியையே கட்டிக்கிட்டு அழுங்க! நீங்க திரும்பி வராட்டிக்கூட எனக்குக் கவலையில்ல!" எனக்குப் பின்னால் ஜேனட் நின்றிருந்தாள். சாயங்காலம் குறுக்குச் சாலையில் வலப்பக்கம் திரும்பும்போது அவர் நடுவழியில் நின்றுவிட்டார். "ஓட்டியவர் தயங்கிவிட்டார்" என்று மரண விசாரணையில் எழுதினார்கள். என் வார்த்தையை மனதில் சுமந்துகொண்டு ஓட்டியதால்தான் தயங்கினார் என்று ஜேனட் நினைக்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எழுத வந்தது வேறு. வண்டி ஸ்டார்ட் ஆகிறது. சூடான பிறகு ஆக்ஸிலேட்டரை விட்டால் இருமி இருமி நின்றுவிடுகிறது. போலீஸ் கொட்டகையில் இத்தனை மாதம் கிடந்ததால் இருக்கும். "வண்டி கடிகாரம் மாதிரி இருந்துச்சுங்க" என்று விசாரணையில் சாட்சி சொன்னவர் நீங்கள்தானே; எப்போதும் அதைப் பழுது பார்த்தவரும் நீங்கள்தான். அந்தக் கடிகாரத்தை மறுபடி ஓடவைப்பது எப்படி என்று எழுதுங்கள். முப்பது வருடம் ஊசித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கை இது. சொன்னபடி செய்யும்.

என்றும் அன்புடன்,
எட்னா


விட்பி,
11 மே 1987

அன்புள்ள எட்னாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். கணவன் மனைவிக்குள் அப்படி நூறு வார்த்தை வரும், போகும்.

இரண்டு கார்புரேட்டரிலும் இரண்டிரண்டு திருகுகள் இருக்கும். சிறியது காற்றுக்கு, பெரியது ஐட்லிங்குக்கு, அதாவது ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகு இன்ஜின் ஓடும் வேகத்துக்கு; ஏற்றினால் வேகம் கூடும், தளர்த்தினால் குறையும். அவை இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காதீர்கள், அதனால் பயனில்லை. எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். காற்றுத் திருகை மெதுவாக முழுக்க உள்ளே ஏற்றி, ஒன்றேகால் சுற்று வெளியே எடுங்கள். பெரிய திருகை முதலில் தளர்த்திவிட்டு, உள்ளே தட்டுப்படும்வரை திருப்பி, அங்கிருந்து இரண்டு சுற்று ஏற்றுங்கள். வண்டி பத்து நிமிடம் சூடாகட்டும். கையுறை போட்டுக்கொண்டு ஒரு பிளக் வயரைக் கழற்றுங்கள். மற்ற சிலிண்டர் தனியாக, தடுமாறாமல் ஓட வேண்டும். பிறகு அடுத்த பக்கம். கடைசியில் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, சைலன்ஸர்களுக்குப் பின்னால் உள்ளங்கைகளை நீட்டிப் பாருங்கள். இரண்டு கையிலும் ஒரே மாதிரி காற்று அடித்தால் சரி.

என்னைக் கேட்டால் வண்டியை விற்றுவிடுவது நல்லது. அதைப் பார்க்கப் பார்க்க உங்களுக்கு வேதனைதான்.

இங்கே மழை விடவில்லை. அக்கா உங்களை விசாரித்தாள்.

அன்புடன்,
சிரில் ஹோட்ஜெட்ஸ்


ரெடிச்,
24 மே 1987

அன்புள்ள சிரிலுக்கு,

நீங்கள் பார்க்க வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்துவிட்டேன். எண்ணாமல் எதையும் நகர்த்த எனக்குக் கை வராது.

எங்கள் வீட்டுக் கொட்டகைச் சுவரில் உங்கள் கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: "ஐட்லிங், இரண்டு பக்கமும் இரண்டு சுற்று." வலப்பக்கத் திருகைத் தளர்த்தினேன். அரைச் சுற்றிலேயே உள்ளே தட்டுப்படுவது விட்டுவிட்டது. இடப்பக்கமும் அரைச் சுற்றுதான். இரண்டிலும் ஒன்றரைச் சுற்று குறைகிறது. அதிர்ச்சியில் தானாகத் தளர்ந்திருந்தால் ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இருக்காதா? இரண்டும் ஒரே அளவு எப்படித் தளரும்?

லென் அவற்றைத் தொடவே மாட்டார். "கார்புரேட்டர்ல கை வச்சா சிரில் என் விரலை ஒடிச்சுடுவான்" என்று சிரிப்பார். போலீஸ் கொட்டகையில் வண்டியின் மேல் முத்திரைச் சீட்டு ஒட்டியிருந்தது, நானே கிழித்தேன்; அங்கே யாரும் தொட்டிருக்க முடியாது.

அரைச் சுற்றில் வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சூடானதும் நின்றது. ஐந்து முறை பார்த்தேன். ஐந்து முறையும் நின்றது.

அன்று அவர் தயங்கினாரா, சிரில், இல்லை வண்டி நின்றுபோனதா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். ஜேனட் என் வீட்டுக்கு வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது.

அன்புடன்,
எட்னா


ரெடிச்,
14 ஜூன் 1987

அன்புள்ள சிரிலுக்கு,

மூன்று வாரமாகிவிட்டது. உங்கள் அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அவன் கடற்கரைக்குப் போயிருக்கான்மா" என்றார். பின்னால் உங்கள் இருமல் கேட்டது.

எட்னா


விட்பி,
21 ஜூன் 1987

அன்புள்ள எட்னாவுக்கு,

வண்டிதான் நின்றுபோனது. அதற்குக் காரணம் நான்.

அன்று கூடலில் பென்னிப் போட்டி நடந்தது. நிறுத்திய வண்டியில் இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, டேங்க் மேல் பழைய பென்னி நாணயத்தை விளிம்பில் நிறுத்துவோம். யாருடையது அதிக நேரம் விழாமல் நிற்கிறதோ அவருக்குக் கோப்பை. இன்ஜின் எவ்வளவு மெதுவாக ஓடுகிறதோ அவ்வளவு நல்லது. லென் என் தோளில் தட்டினான். "டேய் சிரில், எட்டு வருஷமா அந்த பிரிஸ்டல்காரன் கோப்பையைத் தூக்கிட்டுப் போறான். ஐட்லிங்கை இன்னும் கொஞ்சம் இறக்குடா."

"இதுக்கு மேல இறக்கினா ரோட்டுல செத்துடும்டா."

"ரோட்டுக்குப் போறப்ப ஏத்திக்கலாம். நீ எதுக்கு இருக்க?"

ஒன்றரைச் சுற்று இறக்கினேன். நாற்பத்தொரு நொடி பென்னி நின்றது. கோப்பை எங்களுக்கு. போட்டோ எடுத்தார்கள், பீர் வாங்கினார்கள், நான் பிரிஸ்டல்காரனைக் கேலி செய்துகொண்டிருந்தேன். லென் அதற்குள் ஹெல்மெட் போட்டுவிட்டான். "எட்னா காலையில வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. அவ சொன்னதும் நியாயம்தான். இப்பக் கிளம்பினா ஞானஸ்நான டீக்காவது போய் நிப்பேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான், எட்னா. அவன் மனதில் ஒரு வருத்தமும் இல்லை.

வண்டிச் சத்தம் மறைந்த பிறகுதான் திருகு ஞாபகம் வந்தது. முதல் நிறுத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்து இன்னொரு பீர் வாங்கினேன்.

விசாரணையில் கேட்டபோது கடிகாரம் என்ற சொல் தானாக வாயில் வந்தது. அதன் பிறகு திருத்தத் தைரியம் வரவில்லை. உங்களையும் ஜேனட்டையும் நினைக்காத நாள் இல்லை. ஆனாலும் மே மாதம் உங்களுக்கு எழுதியபோது அந்தத் திருகுகளைக் கலைக்கவைக்கத்தான் பார்த்தேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். செய்கிறேன்.

சிரில்


ரெடிச்,
5 ஜூலை 1987

சிரில்,

உங்கள் கடிதத்தை ஜேனட்டிடம் கொண்டுபோனேன். வாசற்படியில் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். உள்ளே கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப, அப்பா அவசரமாக் கிளம்பினதே உன் கோபத்தைத் தணிக்கத்தானேம்மா? இன்னும் அஞ்சு நிமிஷம் நின்னிருந்தா இவர் திருகை ஏத்தி வச்சிருப்பாரே" என்றாள்.

கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் சொன்னதில் ஒரு தப்பாவது கிடைக்காதா என்று ஒரு வாரமாகத் தேடுகிறேன். ஊர்வலத்துக்கு அவள் வரப்போவதில்லை. செயலாளர்தான் ஓட்டப்போகிறார்.

என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். போன ஆகஸ்டில் கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. விசாரணை அதிகாரிக்கு எழுதுவதும் எழுதாததும் உங்கள் பாடு.

நேற்றுக் காலை கார்புரேட்டர்களை நீங்கள் சொன்ன அளவிலேயே வைத்தேன். இரண்டு உள்ளங்கையிலும் ஒரே மாதிரி காற்று அடித்தது. பிறகு பக்கத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். சரியான அளவிலும் ஒரே ஒரு முறை நின்றுபோனால் குறை இரும்பினுடையது என்று ஆகிவிடும். உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடுமாற்றம் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நானேதான் எழுந்து அணைத்தேன்.

இனி எழுத வேண்டாம்.

எட்னா பார்ட்லம்