இடது பக்க ஜன்னல்

அன்புள்ள அம்மாவுக்கு,

ட்ரொன்ட்ஹைமிலிருந்து எய்விண்ட் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஆடுகள் குட்டி போட்டுவிட்டனவா?

பூடோவிலிருந்து பயிற்சிக்காக நான் இங்கே வந்த சின்ன விமானம், வழியில் ஓர் ஊரில் இறங்குவதற்காக நம் தீவின் ஓரமாகத் தாழப் பறந்தது. "இடது பக்க ஜன்னல் கேளுடா, வலது பக்கம் வெறும் மலைதான்" என்று போனில் சொன்னீர்களே, அப்படியே உட்கார்ந்தேன். மலைதான் தெரிந்தது. நீங்கள் என்னைப் பார்க்க எப்போதும் வடக்கே, பூடோவுக்குப் பறந்து வருகிறவர். நான் வந்ததோ தெற்கே. இது நம் இருவருக்குமே தோன்றவில்லை.

வலது ஜன்னல்காரர் சத்தமாகச் சிரித்தார். "அங்க பாருங்க, இந்தக் காத்துல ஒரு அம்மா செவப்புப் போர்வைய உதறிக்கிட்டு நிக்குது! காயப்போட வேற நாளே கெடைக்கலையா?"

பெல்ட்டைக் கழற்றக் கூடாத நேரம். "எங்க ஊர்ல காத்துலதாங்க காயும்" என்று மட்டும் சொன்னேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். பழுப்புப் பாலாடைக்கட்டியும் ஒரு துண்டு. இங்கே கடையில் கிடைக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை விமானத்தில் வடக்கே திரும்புகிறேன். இடது பக்கம்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்த முழங்காலோடு நீங்கள் வெளியே வந்து நிற்க வேண்டாம். போர்வையைக் கொடியில் போட்டு வைத்தால் போதும். துவைக்கக்கூட வேண்டாம்.

எய்விண்ட்