சந்தனம் பூசிய டிஸ்க்குகள்

4-10-1997, சனி. காலை 9.10. வாங்கிய டிஸ்க் ஆறு.

புகைமூட்டம். எதிர்க்கடைப் பெயர்ப்பலகை தெரியவில்லை. தொண்டை எரிச்சல்.

பிரதி எடுத்து வைக்கும் டிரைவ் வந்துவிட்டது. வெளியே வைக்கிற வகை. பிரிண்டர் வயரைக் கழற்றி அங்கே இதை மாட்டி, இதன் முதுகில் பிரிண்டரை மாட்ட வேண்டும். பேக்கப் மென்பொருள் முதல் தடவை டிரைவைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் தடவையும். பிறகுதான் கையேட்டைத் திறந்தேன். பிரிண்டரை முதலில் போட வேண்டுமாம். அதை முதல் பக்கத்தில் எழுதித் தொலைத்தால் என்ன?

முதலாளி மாணிக்கம் (இனி மு.) முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு:

"ஏற்கெனவே கம்ப்யூட்டர் உள்ள இருக்குல்லடா சேகர்? மறுபடி இதுல எதுக்கு?"

"உள்ள இருக்கிறது செத்துப்போனா?"

"வாயக் கழுவுடா. நல்ல நாள் வருது."

அச்சகத்தில் இப்போது இருக்கிற ஒரே பெரிய வேலை கோயில் கும்பாபிஷேக மலர். ஜமீலா அக்கா நான்கு மாதமாகத் தட்டியது. படங்கள் என் ஸ்கேன். தீபாவளிக்கு முன் அச்சேற வேண்டும். தீபாவளி கழிந்ததும் அக்கா கணவரோடு ஜொகூர் போகிறார். அவரைப் போல் தமிழ் அடிக்க மலாக்காவில் எனக்குத் தெரிந்து ஆள் இல்லை. இது போனால் மலர் கிடையாது. மு.வை அந்தக் கோயில் வாசலிலும் சேர்க்க மாட்டார்கள்.

என் ஏற்பாடு: சனிக்கிழமை டிஸ்க்கில் முழுப் பிரதி. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கொன்று, அன்றன்று மாறியது மட்டும். சனி டிஸ்க் கடையில் தங்காது. கிளேபாங்கில் அக்கா வீட்டில். தீ, திருடன், மு. மூன்றும் எட்டாத இடம்.

'சரிபார்' என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டேன். எழுதியதை மறுபடி படித்துப் பார்க்குமாம். நேரம் இரட்டிப்பு. யாருக்குப் பொறுமை?

முழுப் பிரதி முடிந்தது. நல்ல நாள். நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலம்.

7-10, செவ்வாய்

புகை இன்னும். வெயில் ஆரஞ்சு நிறம்.

டிஸ்க் மாற்றும் வேலை இனி அக்காவுடையது. ஒரு தரம்தான் காட்டினேன். பிடித்துக்கொண்டார். பொத்தானை அழுத்தியதும் வெளியே வருவதைப் பார்த்துச் சிரிப்பு. "மருந்து குடுத்தா எங்க சின்னவன் துப்புவான் பாரு தம்பி, அதே மாதிரி துப்புது லா."

கம்போங் செட்டியிலிருந்து (தமிழ் மறந்த பழைய செட்டிகள் குடியிருப்பு) ஒருவர் மலருக்கு வாழ்த்துரை கொண்டுவந்தார். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். உரையும் மலாய். தலைப்பு மட்டும் தமிழில் வேண்டுமாம். "எனக்குப் படிக்க வராது. சாமிக்கு வருமே," என்று மலாயில் சொன்னார். அக்கா பெரிய எழுத்தில் போட்டுக்கொடுத்தார். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

செருப்பு வார் அறுந்தது. புக்கிட் பாருவில் என் அறை வரை இழுத்துக்கொண்டு நடை.

9-10, வியாழன்

மு. பதிப்புரை எழுதி முடித்துவிட்டார். ஒரு வாரமாகப் பென்சிலைக் கடித்த பலன். இரண்டு பக்கம். "பேருவகை" நான்கு இடத்தில். அக்கா அடித்தார். பிறகு கடைசிப் பக்கம்: உதவியோர் பெயர்கள். அடியில், "கணினி எழுத்து: ஜமீலா." மு. சொல்லித்தான் போட்டார். பெயர் அச்சில் வருவது முதல் தரமாம். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் மு.: "நாளைக்கு ஆயுத பூஜை. டிஸ்க் ஆறும் வேணும்."

"ஒண்ணு அக்கா வீட்டுல இருக்கு. அது வராது."

"ஆறு பிள்ளைல ஒண்ண வெளிய நிறுத்திட்டுச் சாமி கும்பிடுவியா?"

"பிள்ளை இல்ல முதலாளி, பிளாஸ்டிக்."

"உன் டிப்ளோமாவ மடிச்சு வை."

அக்கா குறுக்கே புகுந்து, "கொண்டாந்துடறேன் முதலாளி." என்னிடம் தனியாக: "ஒரு நாள்தானே தம்பி. அவருக்கு அது நிம்மதி."

கோபம். கோப்பி குடித்ததும் குறைந்தது.

10-10, வெள்ளி

அச்சு இயந்திரம், கத்தரி, ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். டிஸ்க் ஐந்தையும் மு. உறையிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் பூசினார். உறையோடு வையுங்கள் என்றேன். "மூடி வச்சா அருள் எப்படிடா உள்ள போகும்?" இதற்குப் பாலிடெக்னிக்கில் பதில் சொல்லித்தரவில்லை.

அக்கா தீபாராதனை முடிந்துதான் வந்தார். புகையில் கிளேபாங் பஸ் ஊர்ந்து வந்ததாம். மு.வுக்கு முகம் சுருங்கியது. சந்தனக் கிண்ணமும் காலி. சனி டிஸ்க்கின் உறை மேல் ஒரு குங்குமப் பொட்டு மட்டும். "லேட்டா வந்ததுக்கு இது போதும்."

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் மலரின் அட்டைப்படம். மேலே மல்லிகைச் சரம், வாழை இலை. அணைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"கும்பிட்டு வச்சத நாளைக் காலைலதான் தொடணும்."

"அது கத்தரிக்கோல் இல்ல. ஓடிக்கிட்டே இருக்கு."

"ஓடட்டும். சாமி பார்த்துக்கும்."

சரி, பார்க்கட்டும். மூலையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டேன். சுண்டல் பிரமாதம். கடைக்கதவை இழுத்துப் பூட்டினோம்.

11-10, சனி

விஜயதசமி. கதவைத் திறந்ததும் வாடை. வெந்த பூ வாடை.

திரை கறுப்பு. பெட்டி கை வைக்க முடியாத சூடு. பின்னால் போய்ப் பார்த்தேன்: சரம் சுற்றி வந்து காற்றாடியில் சிக்கி, மேலே இலை ஒட்டிக்கொண்டு, மூச்சு விட வழியில்லை. நேற்றுப் பின்பக்கம் போய்ப் பார்க்காமல் சுண்டல் தின்றவன் நான். அணைத்துப் போட்டால் உள்ளே டக், டக். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

மு. காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார். "கும்பிட்டதுக்கா இப்படி?" அக்கா அவரைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. கேட்டது ஒன்றுதான்: "திரும்ப வருமா தம்பி?"

தெரியாது என்றேன். உண்மை அதுதான். எழுதி எழுதி வைத்தேனே தவிர ஒரு நாளும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

புது ஹார்ட் டிஸ்க், காற்றாடி. மென்பொருள் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுவதற்குள் மத்தியானம். டிரைவ் ஒன்றே ஒன்று. சந்தனத்தூள் உள்ளே போனால் அதுவும் காலி. ஆகவே முதலில் சுத்தமானது: பொட்டு மட்டும் வைத்த சனி டிஸ்க். பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் அதற்கும் முழு அபிஷேகம் நடந்திருக்கும்.

திரையில் கோடு நகர்ந்தது. மு. முருகா முருகா. அக்கா உதட்டுக்குள் ஏதோ ஓதினார். நான் நகம் கடித்தேன்.

வந்தது. போன சனி வரை முழுதும். அக்கா முட்டாக்கை முகத்தில் பொத்திக்கொண்டார்.

பிறகு மற்றவை. டிஸ்க்கின் தகரக் கதவு சந்தனத்தில் இறுகிக் கிடந்தது. அக்கா முட்டாக்கு ஊசியைக் கழற்றிக் கொடுத்தார். ஊசியால் சுரண்டி, பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் துடைத்து, ஊதி ஊதி. "சூடமே கொளுத்தியிருந்தா கரைஞ்சிருக்கும்," என்றார் மு. ஜோக் அடிக்கிற அளவுக்கு உயிர் வந்துவிட்டது.

திங்கள் சரி. செவ்வாய் சரி. புதன் சரி. வியாழன் பாதியில் பிழை. மூன்று தரம் போட்டும் அதே இடம். வெள்ளி பூஜை, எழுதவே இல்லை.

பழியைச் சந்தனத்தின் மேல் போட ஆசையாக இருந்தது. ஆனால் கதவுக்குள் ஒரு துகள் இல்லை. எழுதும்போதே தவறியிருக்கிறது. 'சரிபார்' இருந்திருந்தால் வியாழக்கிழமையே கத்தியிருக்கும். அப்படியே சொல்லிவிட்டேன்.

மு. எழுந்தே நின்றுவிட்டார். "அப்போ இது என் சாமி இல்ல, உன் சோம்பேறித்தனம்!"

"பூ உங்களுது. டிக் என்னுது."

"அது நியாயம்."

போனது பதிப்புரையும் கடைசிப் பக்கமும்தான். பென்சில் எழுத்துத் தாளைத் தேடினோம். அதில் சுண்டல் மடித்தாகிவிட்டது. மு. வாயால் சொல்ல அக்கா இரண்டையும் அடித்தார். பதிப்புரை இந்தத் தடவை அரைப் பக்கம். "பேருவகை" ஒன்றே ஒன்று. முன்னதைவிட நன்றாக இருக்கிறது. சொன்னேன். மு.வுக்குப் பிடிக்கவில்லை.

12-10, ஞாயிறு

லேசாக மழை. மூன்று வாரத்தில் முதல் தடவை தூரத்து மரம் தெரிகிறது. மனசு லேசு.

நேற்று அறைக்குக் கொண்டுவந்த அச்சுப்படியைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் எல்லார் பெயரும் உண்டு. அடியில் அக்காவின் வரி மட்டும் இல்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"மறக்கல தம்பி. முதலாளி நொந்துபோய் உட்கார்ந்திருந்தாரு. அந்த நேரத்துல என் பேர நானே எப்படி அடிக்கிறது? விடுங்க லா."

விடுவதா? இனிச் செய்ய வேண்டியது:

1. 'சரிபார்' டிக். எவ்வளவு நேரமானாலும்.
2. மாதம் ஒரு தரம் திரும்ப எடுத்துப் பார்ப்பது.
3. மு.வுக்கென்று ஒரு காலி டிஸ்க். எவ்வளவு வேண்டுமானாலும் பூசட்டும்.
4. அக்கா ஜொகூர் போனதும் சனி டிஸ்க் என் அறைக்கு. சாமியே கேட்டாலும் வராது.
5. செருப்பு.
6. நாளை காலை முதல் வேலை, மு. வருவதற்குள்: "கணினி எழுத்து: ஜமீலா." நான் அடிப்பேன். உடனே பேக்கப்.