கம்பிவலைக் கண்ணாடி

1938, மாசி மாதம், வெள்ளி.

தொப்பூர்ச் சாலைக்கு ஜல்லி உடைக்கும் அம்மாவின் புருவத்தில் இன்று கல் சில்லு தெறித்துவிட்டது. கண்ணுக்கு ஒரு விரல் தள்ளித்தான் காயம். சில்லு படாமலிருக்க மேஸ்திரி கொடுத்த கம்பிவலைக் கண்ணாடியோ பெட்டிக்குள் புதிதாகவே இருந்தது.

"ஏம்மா இதைப் போடலை?"

"போட்டா, கூட இருக்கறவளுங்க சிரிக்கறாளுங்க. உனக்குத்தான் எடுத்து வெச்சேன். படிக்கற கண்ணாச்சே."

மாட்டிப் பார்த்தேன். விளக்கு நூறு மின்மினிகளாகப் பிரிந்து மிதந்தது. புத்தகத்தில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கழற்றி, அவள் முகத்தில் கட்டிவிட்டேன்.

"அட, நீ சல்லடைக்குள்ள உக்காந்திருக்கற, புள்ள!" என்று சிரித்தாள்.

"நாளைக்கும் கட்டிக்குவியா?"

"சிரிக்கறவளுங்க சிரிச்சிட்டுப் போறாளுங்க."

கழற்றாமலே தூங்கிவிட்டாள். வலைக்குள்ளே இரண்டு கண்களும் பத்திரமாக மூடியிருக்கின்றன. என்ன கனவோ, இமைகள் மட்டும் மெல்ல அசைகின்றன.