பின்பக்க அறைக்கு ஹீட் பம்ப்

ஐப்பசி, செவ்வாய் இரவு. சிதம்பரம்.

மகளுக்கு மார்கழியில் பிரசவம். துணைக்கு நான் இங்கிலாந்து போவதாக இருந்தேன். அவர்கள் வாங்கியிருப்பது பழைய வீடு. எனக்கு ஒதுக்கிய பின்பக்க அறையில் குளிருக்கு அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சரியாகச் சூடாவதில்லை. அதை எடுத்துவிட்டு வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தரும் ஹீட் பம்ப் வீடு முழுக்கப் போடலாம் என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்று மதியம் வீடியோ காலில் பேசும்போது போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மாப்பிள்ளை அவளிடம் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"உங்க அம்மா நாலு மாசம் இருந்துட்டுப் போவப் போறாங்க. அதுக்காக செவுத்த ஒடைக்கணுமா? ஒரு கம்பளி ஜாஸ்தியா குடு."

பிறகு போனை எடுத்துச் சிரித்தார். "எப்ப வர்றீங்க அத்தை?"

"அந்த ரூம்ல மொதல்ல உங்க அம்மாவப் படுக்க வச்சிப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் போனை மேசையில் போட்டுவிட்டுப் போனார். மகள்தான் வந்து போனை வைத்தாள்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "நீ சொன்ன மாதிரியே அவுங்க அம்மாவ வரச் சொல்லிட்டாரும்மா. உனக்குப் பதிலா கடலூர்லேருந்து அவுங்கதான் வர்றாங்க."

"அந்த ரூம்லயா?"

குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வாரம் ஹீட் பம்ப் போட ஆள் வருது."

சரி என்று வைத்துவிட்டேன். மாப்பிள்ளை இனி இந்த வாசப்படியை மிதிக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன். கையில் குழந்தையோடு வந்து நின்றால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.