நறுக்கிய ஜரிகை

12-8-1972, சனி

இன்று பள்ளியில் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து பார்த்தார்கள். மின்சாரம் எதில் பாயும் என்று பார்க்க, பளபளப்பாக எது இருந்தாலும் வீட்டிலிருந்து எடுத்து வரும்படி நேற்றே சொல்லியிருந்தேன். ஏழாம் வகுப்பு கன்னியம்மா ஒரு குச்சியில் சுற்றிய ஜரிகை கொண்டுவந்தாள். பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே கட்டினாள். பல்பு எரிந்தது. எல்லோரும் தங்களுக்கும் ஜரிகை வேண்டும் என்று கேட்டார்கள். நானே கத்தரிக்கோலால் நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன்.

மாலையில், பிள்ளைகள் கலையும் முன், அவள் அப்பா வகுப்புக்கு வந்தார். பிள்ளையார்பாளையத்தில் கூலிக்குப் பட்டுச் சேலை நெய்கிறவர். என் அப்பா ஆபீசுகளில் நிற்பதுபோல் செருப்பை வெளியே விட்டு நின்றார்.

"முதலாளி நிறுத்துக் குடுத்த ஜரிகை டீச்சர். கொறைஞ்சா என்னைத்தான் திருடன்னுவாரு. ஏம்மா எடுத்துக்கினு வந்த?"

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். டீச்சர் கேட்டார் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் துண்டுகளைப் பொறுக்கினார். பல்பில் இருந்ததையும் அவிழ்க்கப் போனார்.

"மாமா, அத எடுத்தா லைட்டு போயிடும்" என்றாள் ஒரு சின்னப் பெண்.

எடுத்தார். அணைந்தது.

"படிச்சது போதும். திங்கக்கெழமையிலேருந்து தறியாண்ட குந்தட்டும். வரேன் டீச்சர்." கோபமே இல்லை. கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

என் மேசை இழுப்பறையில் சோதனைக்கென்று வாங்கிய செப்புக் கம்பி ஒரு சுருள் நறுக்காமல் அப்படியே இருக்கிறது.

நாளை அவர் வீட்டுக்குப் போக வேண்டும். நான்தான் கேட்டேன். நான்தான் நறுக்கினேன். இரண்டே வாக்கியம். இங்கே எழுத முடிகிறது.