அலமாரியில் அந்த ஆளோட பாட்டில்

மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

இங்க நான் சௌக்கியம். கிரேன்ல பாத்து ஏறி இறங்குங்க. எதிர்வீட்டு டெய்லரக்காவுக்கு மிஷின் ரிப்பேரு, ஒரே பொலம்பல். சொல்ல வந்தது அதில்ல. நம்ம சமையக்கட்டுக்குப் பின்னால ஓடையில மறுபடி மீன் வந்திருக்கு மாமா! ஆனா முலாம் பூசற பட்டறைக் குழாயிலேருந்து வெள்ளையா நுரை வருது. வந்தா மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. மாசுத் தடுப்பு ஆபீசுக்குப் போன் பண்ணேன். ஒரு ஆபீசர் பைக்குல வந்தாரு. அதுக்குள்ள நுரை போயிடுச்சு. "தண்ணிய கையில புடிச்சாத்தான் கேசு நிக்கும்மா. நுரைய பாத்ததும் நீங்களே புடிச்சு வச்சிட்டுக் கூப்பிடுங்க"ன்னு பாட்டில் குடுத்துட்டுப் போனாரு. அலமாரியில வச்சிருக்கேன். நல்ல மனுஷன். பேண்ட்டை முட்டிக்கு மேல சுருட்டிட்டு சேத்துல இறங்கினாரு பாருங்க, வழுக்கி அப்படியே உக்காந்துட்டாரு! எனக்கு சிரிப்ப அடக்க முடியல.

உங்க
வீட்டுக்காரி

மார்ச் 13

அன்புள்ள கண்ணுக்கு,

உன் லெட்டர கிரேன் கூண்டுல உக்காந்து படிச்சேன். மீனுக்குக் கொஞ்சம், டெய்லரக்காவுக்குக் கொஞ்சம், மிச்சமெல்லாம் அந்த ஆளோட முட்டியா? கல்யாணமான புதுசுல நான் மாடிப்படியில உருண்டேனே, அன்னிக்கு நீ ஒரு பல்லாவது காட்டினியா? ரூம்ல பக்கத்துக் கட்டில்காரன் பொண்டாட்டி பக்கம் பக்கமா எழுதறா, எல்லாம் அவனப் பத்தித்தான். மீன காப்பாத்த அந்த ஆளுக்கு ஆபீசு இருக்கு, சம்பளம் இருக்கு. எவனோ குடுத்த பாட்டில் நம்ம அலமாரியில எதுக்கு? திருப்பிக் குடு. போனும் பண்ணாத. சோறு எறங்கல எனக்கு.

உன் புருஷன்
(ஞாபகம் இருந்தா)

மார்ச் 29

மாமாவுக்கு,

பாட்டிலை உங்க லெட்டர் வந்த அன்னிக்கே ஆபீசுல குடுத்துட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில நுரை வந்துச்சு. பாத்திரம் தேச்சுட்டே பாத்தேன். நீங்க சொன்னீங்களேன்னு போன எடுக்கல. மத்தியானத்துக்குள்ள மீன் பூரா வயித்தக் காட்டிட்டு மெதந்துச்சு. டெய்லரக்கா சொல்லி அந்த ஆபீசர் வந்தப்ப தண்ணி தெளிஞ்சு ஓடுது. "காலையில நீங்க பாக்கலியாம்மா?"ன்னாரு. பாக்கலன்னு பொய் சொன்னேன். என் புருஷனுக்குப் பொறாமைன்னு எந்த வாயால சொல்லுவேன்?

பாட்டில திரும்பக் கேட்டு வாங்கிட்டேன். அவருக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. இத இன்னொரு தடவ எழுத மாட்டேன். நம்பினா வாங்க. நம்பலேன்னா லெட்டர் போடாதீங்க.

இப்படிக்கு
நான்

ஏப்ரல் 7

கண்ணு,

லீவு கேட்டேன். மேஸ்திரி "எதுக்குய்யா?"ன்னாரு. மீன் செத்துப்போச்சுன்னேன். "வளத்த மீனா?"ன்னாரு. இல்லண்ணே, நான் கொன்னதுன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாரு.

ஞாயித்துக்கிழமை வர்றேன். அன்னிக்கு உன்னப் போன் பண்ண விடாம பண்ணது நான்தான்னு அந்த ஆபீசர்கிட்ட நானே சொல்றேன். அந்தப் பொய் உன் தலையில இருக்க வேணாம்.

பொறாமை போயிடுச்சான்னு கேட்டா, போகல. ஒரு ஆளுக்குத்தான் டிக்கெட்டு எடுத்திருக்கேன், அதுவும் கூடவே ஏறிக்கும் போல. அத வாசல்லயே நிறுத்திட்டு என்னை மட்டும் உள்ள விடு.

உன் புருஷன்