யானைப்படையின் ஆண்டுக் கணக்கு

ஜன. 5, திங்கள்

காலையிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கடல். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் கப்பலே கட்டலாம். மாடியில் நம் சாம்ராஜ்யம் நனையவில்லை. ஜன்னலோரம் மட்டும் கொஞ்சம். வில்வீரர்களுக்கு ஹேர்டிரையர் போட்டேன். பெயின்ட் டப்பா பின்னாலிருந்து ஓர் எலி. ஆட்டுக்குட்டி அளவு. மனைவி கோமளாவிடம் கன்றுக்குட்டி என்று சொல்லிவைத்தேன்.

எதிர்கால வரலாற்று ஆசிரியர்கள் குறித்துக்கொள்க: விரல் உயரப் போர்வீரர்களை ரெசினில் வார்த்து, மேசைமேல் போர் விளையாடுகிறவர்களுக்கு விற்கும் தமிழ்ப் பேரரசு இந்தக் கோளிலேயே இது ஒன்றுதான். இன்று அதன் ஆண்டுக் கணக்கு வந்தது. கணக்கு பார்க்கும் மிஸ் லிம் போனில், "அங்கிள், திஸ் இயர் குட் லா. லாபம்."

லாபம்! ஏழு வருஷத்தில் முதல் தடவை. நாற்காலிமேல் ஏறி நின்றேன். இறங்கத்தான் சிரமம்.

செய்ய வேண்டியவை:
பங்சாரில் இரண்டாவது கடை, 14-ஆம் தேதி கையெழுத்து.
அதற்கு வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்க வேண்டும். கோ.விடம் பேசணும், அவள் நல்ல மூடில் இருக்கும்போது.
சிவப்பு பெயின்ட்.
கரும்பு.

ஜன. 7, புதன்

வெயில். கோ. சம்மதித்துவிட்டாள். "லாபம்னு அந்த லிம் பொண்ணே சொன்னா சரிங்க. நீங்க சொன்னா நம்ப மாட்டேன்." சேலைகளுக்கு அடியிலிருந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் ஒரு நிமிஷம் கையை எடுக்கவில்லை. "வீடு போச்சுன்னா உங்க குதிரை வீரன்தான் நமக்கு இடம் குடுக்கணும்."

மச்சானுக்குப் போன். கோ.வின் தம்பி செல்வம், போர்ட் கிள்ளானில் லோரி யார்டு சூப்பர்வைசர், நம் கம்பெனியில் பங்காளி. துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால், "அவசரமா மாமா? அடுத்த வருஷம் பாக்கலாமே."

"கோழை! அலெக்சாண்டர் அடுத்த வருஷம்னு சொல்லியிருந்தா?"

"அவரு வீட்டை அடகு வெக்கல மாமா."

சாயங்காலம் அவனே திரும்ப அழைத்தான். ஏதோ சொல்ல வந்தான். மழை வருமான்னு கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

யானை மூன்று தீட்டினேன். பெரிய ஆர்டர் தருகிறவர்களுக்கு என் கையால் வண்ணம் பூசிய யானை இலவசம். கட்டைவிரல் அளவு, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. போன வருஷம் யானை தீட்டியே கண்பார்வை பாதி போயிற்று. யானை பெற்ற முனியாண்டி, சுப்ரா, ராஜு, எல்லாம் போர்ட் கிள்ளான் முகவரி. துறைமுகத்தில் நமக்கு ரசிகர் மன்றமே இருக்கிறது!

ஜன. 9, வெள்ளி

போர்ட் கிள்ளான். ரெசின் டிரம் வந்திருந்தது, எடுக்கப் போனேன். புழுக்கம். செல்வம் யார்டில் இல்லை.

ஒரு லோரியின் டேஷ்போர்டில் என் யானை. ஊதா முகபடாம், ஒட்டவைத்த இடது தந்தம். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதா. மீசை வைத்த டிரைவர் இறங்கினார்.

"தம்பி, பேரு?"

"முனியாண்டி, அங்கிள்."

கட்டிப் பிடித்துக்கொண்டேன். "நீங்களா! எந்தப் படை வெச்சிருக்கீங்க? குதிரையா, காலாளா?"

"என்ன படை? இது செல்வம் பாஸ் குடுத்தது. யார்டுல எல்லா லோரியிலயும் ஒண்ணு இருக்குலா. என் பேர்ல பார்சல் வரும், பாஸ் வந்து எடுத்துட்டுப் போவாரு. உள்ள என்ன அங்கிள், கார் சாமானா?"

"ஆமா. கார் சாமான்."

ரயிலில் திரும்பினேன். டிரம்மை மறந்து.

ஜன. 10, சனி

ஆர்டர்களை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் போர்ட் கிள்ளான். அதைக் கழித்தால் மிச்சம் பூச்சோங்கில் ஒரு பல் டாக்டர், காலேஜ் பையன்கள் சிலர், பெயர் எழுதாத ஒருவர். அவ்வளவுதான் பேரரசு.

கோ. பங்சார் கடைக்குத் திரைச்சீலைத் துணி வாங்கி வந்திருக்கிறாள். மஞ்சள். "நல்லா இருக்கா?" இருக்கு என்றேன்.

ஜன. 12, திங்கள்

செல்வம் வீடு. பின்னறைக் கதவு முன்னால் நின்றுகொண்டான்.

"உள்ள அரிசி மூட்டை மாமா."

"திற."

கூரை வரை நம் பெட்டிகள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் இவ்வளவு பெரிய சேனை எந்தக் காலத்திலும் சிறைப்பட்டதில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் பெட்டிகளை எண்ணினேன்.

"விளையாடத்தான் வாங்கினேன்."

"நீயா? கேரம்லயே காயை விட்டுட்டுப் பலகையை அடிக்கிறவன்."

தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம்தான் சொன்னான். "நீங்க வேலை பாத்த அச்சகத்த மூடி உங்கள வீட்டுக்கு அனுப்பினப்ப எப்படி உக்காந்திருந்தீங்க, ஞாபகம் இருக்கா? மாசக்கணக்கா 'ம்', 'சரி', அவ்வளவுதான். அக்கா எனக்குப் போன் போட்டு அழும். 'உங்க மாமா எலிய எலின்னே சொல்றாருடா, பயமா இருக்குடா'ன்னு. போன பொங்கலுக்குக் கடைய மூடப் போறேன்னு சொன்னீங்க. எனக்கும் பயமாப் போச்சு."

"காசு?"

"ஓவர்டைம். வீட்ல தெரியாது. மெதுவாப் பேசுங்க."

"சொல்லியிருக்கலாமே, மச்சான்."

"அன்னிக்குச் சாயங்காலம் சொல்லத்தான் போன் பண்ணேன். பங்சார்ல கடை எடுப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு கடைக்கு வாங்க எனக்குச் சக்தி இல்ல மாமா."

அவன் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். "என்ன அண்ணே, இன்னிக்குக் கதை எதுவும் சொல்லலியா?"

ஜன. 13, செவ்வாய்

மேகமூட்டம். மிஸ் லிம்மிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பெட்டி எல்லாம் விற்பனையா, ரிட்டர்னா அங்கிள்? விற்பனைன்னா லாபம். ரிட்டர்ன்னா நஷ்டம், அவருக்குக் காசும் திருப்பிக் குடுக்கணும்."

"ரிட்டர்ன்."

"ஷுவரா? நஷ்டம் பெருசு லா."

"எழுதும்மா."

இந்த வருஷம் கம்பெனிக்கு நஷ்டம். வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

ஜன. 14, புதன்

போகி. வெயில். பங்சார் ஏஜெண்ட் மூன்று தடவை போன், எடுக்கவில்லை. கோ. குளிக்கப் போயிருந்தபோது பத்திரத்தைச் சேலைக்கு அடியில் பழைய இடத்திலேயே வைத்தேன். மஞ்சள் துணியும் அங்கேதான் இருக்கிறது. இன்னும் வெட்டவில்லை.

செல்வத்தைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது? தெரியவில்லை. கடையைப் பற்றி மட்டும் முதலில் என்று சமையலறைக்குப் போனேன்.

"கிளம்பலையா? கையெழுத்துக்கு நேரமாச்சே."

"போகல. அந்தக் கடை வேணாம். எலி இருக்கு."

கரண்டியோடு திரும்பினாள், சிரிப்பதற்குத் தயாராக. "எவ்ளோ பெருசு?"

"எலி அளவுதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பை அணைத்தாள். இப்போது ஹாலில் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.